களம் பாடியவரும் களத்தில் சுமந்தவரும்

சேர் போல் பீரிஸ் என்றதும் நம்மவரிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது ஒரே ஒரு கருத்துத்தான். விசயன் வருகைக்கு நெடுங்காலம் முன்பே இலங்கையில் ஐந்து ஈச்சரங்கள் விளங்கின என்று 1917-ஆம் ஆண்டில் அவர் எழுதியதே அது. கும்பாபிடேக மலர்களில் அக்கருத்து இடம்பெறுகின்றது, மேடைகளில் முழங்குகின்றது, கட்டுரைப் போட்டிகளில் மாணவர் அதனை மனனஞ்செய்து எழுதுகின்றனர். சொன்னவர் யார், வேறு என்ன சொன்னார், எந்நூல்களை எழுதினார் என்று வினவினால் மேடையும் மலரும் ஒருங்கே வாய்மூடிக் கொள்கின்றன. ஓர் அறிஞனின் நாற்பதாண்டு உழைப்பிலிருந்து நமக்கு வசதியான வரியொன்றைக் கிள்ளியெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும் வழக்கம் நம் எழுத்துலகுக்குப் புதிதன்று. கண்டி மலைகளில் அந்நிய வல்லரசுகள் நடத்திய போர்களைக் காகிதத்திலிருந்து எழுப்பி நம் கண்முன் நிறுத்தியவர் பீரிஸ். அக்களங்களின்மீதே குடியிருக்கும் மலைநாட்டுத் தமிழர் அவரை எவ்வாறு படித்தல் வேண்டும் என்ற கேள்வியோ இன்றுவரை கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பீரிஸ் 1874-ஆம் ஆண்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கற்றுத் தேறி, 1896-இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்து, பல ஊர்களில் நீதிபதியாகக் கடமையாற்றியவர். 1952-இல் சேர் பட்டம் பெற்று, 1959-இல் மறைந்தார். ஓவியர் ஜஸ்டின் தெரணியகல அவருடைய மைந்தர்களுள் ஒருவர். பிறப்பால் கரைநாட்டுச் சிங்கள உயர்குடியினர். தொழிலால் பிரித்தானிய முடியின் உத்தியோகத்தர். இவ்விரண்டையும் மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுதுவதிற் பயனில்லை. அவருடைய பெருமையும் குறையும் அவ்விரண்டோடும் பின்னிக் கிடக்கின்றன. நீதிமன்றத்தில் அமர்ந்து இருதரப்புச் சாட்சியையும் கேட்டுப் பழகியவர் வரலாற்று ஆராய்ச்சிக்குள் நுழைந்தபோது அப்பழக்கத்தை வாயிலில் விட்டுவிட்டு வரவில்லை என்பதை முதலிற் சொல்லவேண்டும்.

1909-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ரிபெய்ரோவின் வரலாற்று மொழிபெயர்ப்பே இதற்குச் சான்று. ஜொவாவோ ரிபெய்ரோ என்னும் போர்த்துக்கேயப் போர்வீரன் 1640-இல் இலங்கைக்கு வந்தான். ஏறத்தாழப் பதினெட்டாண்டு இங்கே போரிட்டான். நாடு கைவிட்டுப் போனபின் தாயகம் திரும்பி, தான் கண்டதையும் கேட்டதையும் எழுதி 1685-இல் தன் மன்னனுக்குச் சமர்ப்பித்தான். போர்த்துக்கல் இலங்கையை இழந்த கதையைத் தோற்றவன் வாயிலாகச் சொல்லும் நூல் அது. வேறொருவராயின் அதனை மட்டும் மொழிபெயர்த்து, நாலு அடிக்குறிப்பெழுதி நிறுத்தியிருப்பார். பீரிஸ் அதே நூலுக்குள் 'பரங்கி ஹட்டன', 'குஸ்தந்தீனு ஹட்டன' என்னும் இரு சிங்களப் போர்ப்பாடல்களையும் மொழிபெயர்த்துச் சேர்த்தார். முன்னது கண்டியரசனின் வெற்றியைப் பாடுவது. பின்னதோ போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவைப் புகழ்ந்து சிங்களப் புலவன் ஒருவனே பாடியது. அழகியவண்ண முகவெட்டி என்னும் புலவன் இயற்றியதாகக் கருதப்படுவது. அந்நியத் தளபதிக்குச் சுதேசப் புலவன் பாமாலை சூட்டியதும் வரலாறுதான். அதனை நாட்டுப்பற்றின் பெயரால் பீரிஸ் ஒளித்துவிடவில்லை. படையெடுத்தவன் சாட்சி, எதிர்த்தவன் சாட்சி, இடையில் நின்று இருபுறமும் பார்த்தவன் சாட்சி என மூன்றும் ஒரே அட்டைக்குள் அடங்கியிருக்கின்றன. அந்நாளில், ஆள்வோர் எழுதிய ஆவணமே வரலாறு என்றிருந்த காலத்தில், இதனைச் செய்ய ஓர் அரசாங்க உத்தியோகத்தர்க்குத் துணிவு வேண்டும்.

தமிழ் பயின்றார்க்கு இந்த ஹட்டன நூல்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. களவழியும் பரணியும் பாடிய மரபு நம்முடையது. பொய்கையார் சோழன் செங்கணானின் போர்க்களத்தைப் பாடினார். செயங்கொண்டார் கலிங்கப்போரைப் பாடினார். பரணி நூலுக்கு ஒரு விதியுண்டு: வென்றவனைப் பாடினாலும் நூலுக்குப் பெயர் தோற்றவனைக் கொண்டே இடல் வேண்டும். சோழன் வென்றான், நூலோ 'கலிங்கத்துப் பரணி'. பீரிஸ் பரணி படித்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 1950-இல், தம் முதுமையில், அவர் வெளியிட்ட பெருநூலுக்கு 'சிங்களேயும் தேசபக்தரும், 1815–1818' எனப் பொருள்படப் பெயரிட்டார். பிரித்தானிய அரசு எவரைக் கலகக்காரர் என்றும் துரோகிகள் என்றும் எழுதிவைத்து, தூக்கிலிட்டு, தலைகொய்து, நாடுகடத்தியதோ, அவர்களைத் தேசபக்தர் என்று நூலின் முகப்பிலேயே அழைத்தார். தோற்றவர் பெயரால் களம் பாடும் பரணியின் நெறி வேறு வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கின்றது.

பீரிஸின் எழுத்தில் களம் உயிர்பெறுவது எவ்வாறு? இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டிய இடம் இது. அவர் வாள்வீச்சை வருணித்துக் காலங்கழிப்பவரல்லர். ஒரு படை புறப்படுமுன் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்குகின்றார். 1638-ஆம் ஆண்டு கன்னொறுவைப் போருக்குக் காரணமாய் வந்து வாய்த்தது ஒரு யானையைப் பற்றிய பூசல். இரண்டாம் இராசசிங்கன் வணிகன் ஒருவனுக்கு அளித்த யானையைத் தளபதி தியோகு த மெல்லோ பறித்துக்கொண்டான். அதிலிருந்து வளர்ந்த பகை, மார்ச்சு 28-ஆந் தேதி, மகாவலிக் கரையில் ஒரு படை முழுவதும் அழிவதில் முடிந்தது. பேராசை, ஆணவம், அற்பக் கணக்கு, இவற்றின்மேல் ஏறி நின்று ஆடும் 'நாகரிகப் பணி' என்ற போலிப் பேச்சு யாவும் இந்த ஒரு யானைக் கதையிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. யானையைச் சிறு செய்தியென ஒதுக்கிவிட்டுச் சாம்ராச்சியக் கொள்கை பேசும் வரலாற்றாசிரியரைக் காட்டிலும், யானையைப் பிடித்துக்கொண்டு சாம்ராச்சியத்தைக் காட்டும் ஆசிரியர் மேலானவர் என்பது நம் கருத்து.

அதற்கு எட்டாண்டு முன்னர், 1630 ஆகத்து 25-இல், ஊவாவின் ரந்தெனிவெலவில் கொன்ஸ்தந்தீனு த சா மடிந்தான். இப்போரின் திருப்புமுனை துப்பாக்கியில் இல்லை. போர்த்துக்கேயர் பக்கம் நின்ற லஸ்கரின் என்னும் சுதேசப் படையினர் நாலு முதலிகளின் தலைமையில் களத்திலேயே மறுபக்கம் திரும்பினர். சூழ்ச்சி செய்த முதலிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. பெயரில்லாத லஸ்கரின்கள் ஏன் திரும்பினர்? தலைவன் சொன்னான் என்பதற்காகவா? தம் கிராமங்கள் போர்த்துக்கேய அதிகாரிகளுக்குப் பங்கிடப்பட்டு, வரியாலும் ஊழியத்தாலும் நசுக்கப்பட்டதன் சினத்தாலா? கிராம மக்கள் பட்ட கொடுமைகளை ரிபெய்ரோவே ஒளிக்காமல் எழுதியிருக்கின்றான். அவற்றையும் ரந்தெனிவெலவையும் ஒரு நூலால் கோத்துப் பார்க்கும் வேலையைப் பீரிஸ் வாசகனிடம் விட்டுவிடுகின்றார். இங்கேயே அவருடைய எல்லை நமக்குப் புலப்படத் தொடங்குகின்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஹற்றனிலிருந்து கண்டிக்குப் புகைவண்டியேறும் நம் மாணவர், நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனையை அடையும்போது கன்னொறுவைக்கு மிக அருகில் இருக்கின்றனர். கொழும்புக்குச் செல்வோர் பலன என்னும் சிறு நிலையத்தைக் கடக்கின்றனர். கண்டிக்குள் நுழைய முயன்ற படைகள் மோதிய கணவாய் அது. பதுளைப் பாதையிற் செல்வோர் ஊவாவின் மலைவிளிம்பிலிருந்து வெல்லவாய்ப் பக்கத்துத் தாழ்நிலத்தைக் காண்கின்றனர். ரந்தெனிவெல அத்திசையில் உள்ளது. வண்டியில் கடலைக்காரன் வருகின்றான், பாட்டு ஒலிக்கின்றது, நிலையம் கடந்துபோகின்றது. பாடப்புத்தகத்திலோ ஆண்டும் பெயரும் மட்டும் உள்ளன. ஆண்டையும் பெயரையும் மலையோடும் ஆற்றோடும் பொருத்திக் காட்டும் ஆற்றல் பீரிஸின் பக்கங்களில் இருக்கின்றது. ஆனால் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். எவருடைய பாட்டன்மார்களைப் பற்றி எழுதினாரோ அந்த ஊவாக் கிராமத்தானுக்கும், அக்கிராமத்துக்கு மேலே லயத்தில் வாழும் நம் தொழிலாளிக்கும் அந்நூல்கள் ஒருங்கே எட்டாப் பொருள்களாயின. இவ்விருவரும் சமமாக நடத்தப்பட்ட இடம் இது ஒன்றுதான் போலும்!

பிரித்தானியர் காலத்தை அவர் இரு நூல்களில் எழுதினார். 1939-இல் வந்த 'திரி சிங்கள' 1796 முதல் 1815 வரை செல்வது. ஆளுநர் நோர்த்தும் கண்டியின் முதல் அதிகாரம் பிலிமத்தலாவையும் நடத்திய இரகசியப் பேரங்கள், பின்னர் டொயிலி விரித்த ஒற்றர் வலை, அதற்கிடையில் 1803-ஆம் ஆண்டுப் பேரழிவு எல்லாம் அதில் வருகின்றன. அவ்வாண்டு தொடக்கத்தில் கொழும்பிலிருந்து மக்டோவலும் திருக்கோணமலையிலிருந்து பாபற்றும் நடத்திவந்த படைகள் கண்டியை அடைந்தபோது ஊர் வெறுமையாய்க் கிடந்தது. அரசனும் குடிகளும் காட்டுக்குள் மறைந்துவிட்டனர். ஆங்கிலேயர் முத்துசாமி என்பவனை அரியணையேற்றிவிட்டு, ஒரு சிறு காவற்படையை விட்டுத் திரும்பினர். காய்ச்சல் அப்படையைத் தின்றது. ஜூன் 24-இல் தாக்குதல் வந்தது. மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினான். வட்டப்புளுவையில் மகாவலி வெள்ளம் வழிமறித்தது. முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். படையினர் ஆற்றங்கரையிலேயே அழிக்கப்பட்டனர். இப்போரில் மலாய் வீரர் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் எதிர்த்தனர். அரியணையில் இருந்தவனும், ஆங்கிலேயர் அதில் ஏற்றியவனும் மதுரை வழி வந்த நாயக்கர் குடும்பத்தவர். அந்தக் களத்தை ஓர் இனம் மற்றோர் இனத்தோடு பொருத களமாகச் சித்திரிக்க விரும்புவோர்க்கு 1803 பெரிய இடையூறு.

1818 அதனினும் பெரிய இடையூறு. 1815 மார்ச்சு 2-ஆந் தேதி ஒப்பந்தத்தால் கண்டி பிரித்தானியர் கைக்குப் போயிற்று; ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தான். இரண்டாண்டு கழிந்து 1817-இல் ஊவா வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தான். கிளர்ச்சியாளர் தமக்கு அரசனாக ஏற்றது வில்பாவ என்னும் முன்னாட் பிக்குவை. அவன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான்? நாயக்க அரச குடும்பத்துத் துரைச்சாமி என்று! நாட்டை மீட்கப் புறப்பட்ட சிங்களக் குடிகளும் பிரதானிகளும் பின்செல்லத் தயாராயிருந்த பெயர் துரைச்சாமி. (சிவகங்கைப் போரின்பின் 1802-இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்ட சின்னமருதுவின் மகனும் துரைச்சாமியே. பெயரொற்றுமை தற்செயலானது, எனினும் இருவர் கதையிலும் எதிரே நின்றவை ஆங்கிலேயர் துப்பாக்கிகள் என்பது தற்செயலன்று.) அவன் போலி என்பது பின்னர் மடுகல்லையால் அம்பலமாயிற்று. ஆயினும் அந்தப் போலிக்கு அப்பெயரே தேவைப்பட்டது என்பதில் உள்ள உண்மையை எவராலும் அழிக்கவியலாது. 1956-இல் மொழியின் பெயரால் நாட்டைப் பிளந்தவர்கள் 1818-இன் வீரர்களைத் தம் முன்னோடிகளாகக் கொண்டாடியபோது இப்பெயரை உச்சரிக்கவில்லை. பீரிஸின் நூலைத் திறந்திருந்தால் உச்சரிக்காமல் இருந்திருக்க முடியாது.

இனி, நம் குறைபாட்டைச் சொல்வோம்.

பீரிஸின் களத்தில் மன்னர் உளர், திசாவைகள் உளர், தளபதிகள் உளர், பிக்குகளும் உளர். சுமை தூக்கியவன் எங்கே? மலைநாட்டுப் போர் ஒவ்வொன்றும் சுமைகாரன் முதுகில் நடந்த போர். வண்டிப்பாதை இல்லாத மலையில் அரிசியும் வெடிமருந்தும் சாராயமும் நோயாளியின் தூளியும் மனிதத் தோளிலேயே ஏறின. 1804-இல் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் படை நடத்திச்சென்று திருக்கோணமலைக்கு மீண்டான். 1810-இல் அதனைத் தானே நூலாகவும் எழுதினான். அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தியோரைக் காட்டிலும் சுமை ஏந்தியோரே மிகுதி. படைக் கணக்கேடுகளில் யானை இத்தனை, எருது இத்தனை, கூலி இத்தனை என்று ஒரே வரிசையில் எழுதுவது வழக்கம். யானைக்காவது சில வேளை பெயர் எழுதியிருப்பர். காய்ச்சலால் வழியில் விழுந்த கூலிக்கு எண்ணும் இல்லை.

தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். காலைப் பெரட்டில் நின்றவளுக்கு மாலையில் பேர் உண்டா, அரைப்பேரா என்பதே வாழ்வின் கேள்வி. அந்தக் கணக்கின்படி பார்த்தால், வரலாற்றுச் செக்ரோலில் நம் சுமைகாரனுக்கு அரைப்பேரும் விழவில்லை. இது பீரிஸ் ஒருவரின் குற்றமாகாது. ஆவணம் எழுதியவன் தளபதி. போர்ப்பாடல் பாடியவன் அரசவைப் புலவன். இருதரப்பையும் கேட்ட நீதிபதிக்கு, இருதரப்பாலும் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படாத மூன்றாமவனைக் கூப்பிடத் தோன்றவில்லை. தம் குடும்பத்தைப் போன்ற முதலியார் குடும்பங்களின் மரபை நுணுகி ஆராய்ந்தவர்க்கு, மரபு எழுதப்படாத குடும்பங்களும் களத்தில் நின்றன என்பது அறிவளவில் தெரிந்திருக்கும், எழுத்தில் இறங்கவில்லை. வர்க்கத்தின் கண்ணாடி எத்தனை நேர்மையாளன் மூக்கிலும் இருக்கும் என்பதற்கு அவர் நூல்கள் உதாரணம்.

மற்றொரு குறையும் உண்டு; அது நமக்கு இன்னும் முக்கியமானது. அவருடைய நூல் 1818-இல் முடிந்துவிடுகின்றது. கெப்பெட்டிப்பொல நவம்பர் 26-இல் கண்டியில் தலைகொய்யப்படுகின்றான், களம் அடங்குகின்றது. ஆனால் களம் அடங்கியபின் அந்நிலத்துக்கு என்ன நேர்ந்தது? கிராமங்களும் தானியக் களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் கவரப்பட்டன. படை மருத்துவனாய் இருந்த ஜோன் டேவி 1821-இல் எழுதிய நூலில், போராலும் நோயாலும் பசியாலும் இறந்த கண்டியர் தொகையைப் பத்தாயிரம் அளவில் மதிப்பிட்டான். இதே ஜோன் டேவியைத்தான் நுவரெலியாவைக் 'கண்டுபிடித்தவன்' என்று உல்லாசப் பயண நூல்கள் போற்றுகின்றன. எரிந்த ஊவாவையும் குளிர்ந்த நுவரெலியாவையும் ஆங்கில உலகுக்கு எடுத்துச்சொன்ன பேனா ஒன்றே! போர் முடிந்தது, பாதை வந்தது; பாதை வந்தது, கோப்பி வந்தது. 1820-களில் ஆளுநர் பார்ன்ஸ் கண்டிப்பாதையை வெட்டுவித்ததன் முதல் நோக்கம் மீண்டும் ஒரு 1818 எழுந்தால் படையை விரைந்து அனுப்புவதே. அந்தப் பாதையில் கோப்பி மூட்டை இறங்கியது பின்னர். 1840-ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கிற்று. மேல்மலைச் சரிவுகளிற் பெரும்பகுதி காடாகவே இருந்தது மெய். ஆனால் விறகும் மேய்ச்சலும் சேனையும் கொடுத்த காடு உரியவரில்லாத காடாகாது. 1848-இல் மாத்தளையில் மீண்டும் மக்கள் எழுந்தனர். புரன் அப்பு சுடப்பட்டான்.

அந்நிலத்துக்கே நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். திருச்சியிலும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் பஞ்சம் துரத்த, கங்காணியின் முன்பணம் இழுக்க, மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தனர். 1841 முதல் 1849 வரை 70,000 பேர் இறந்தனர் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை அன்று எழுதிற்று. இத்தொகை மிகை என்போர் உளர். பாதியென்று கொண்டாலும் டேவி 1818-க்குச் சொன்ன தொகையைக் காட்டிலும் அது மும்மடங்குக்கு மேல். ஒரு துப்பாக்கியும் வெடிக்காத போர்க்களம் அது.

உண்மையை மறைக்காமல் இன்னொன்றும் சொல்லவேண்டும். 1818-இல் ஊவாவை அடக்கச் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்ப் படைகள் வரவழைக்கப்பட்டன. ஆங்கிலேயரின் சிவப்புச் சட்டையில் நம் நாட்டான் சிலன் ஊவாக் கிராமத்துக் கூரைக்குத் தீவைத்திருப்பான். அவனும் கூலிக்கு வந்தவனே. சிவகங்கைச் சீமையை அடக்கிய அதே ஏகாதிபத்தியம் அந்தச் சீமைக்காரனையே ஊவாவை அடக்கவும் பயன்படுத்திக்கொண்டது. பின்னர் எஞ்சியோரைக் கோப்பிக் காட்டுக்கு இழுத்துவந்தது. இச்சங்கிலியின் கண்ணிகளைத் தனித்தனியே பார்த்தால் சிங்களவனுக்குத் தமிழன் பகைவனாகத் தெரிவான். தமிழனுக்குச் சிங்களவன் அயலானாகத் தெரிவான். கோத்துப் பார்த்தாலோ சங்கிலியைப் பிடித்திருந்த கை தெரியும். 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர் ஆக்கியபோது, வெறும் நிலத்தில் வந்து குந்திய அந்நியர் என்ற கதை அதற்குத் துணைநின்றது. நிலம் வெறுமையான விதத்தை அக்கதை சொல்லவில்லை. சொல்லக்கூடிய பீரிஸோ, 'தேசபக்தர்' நூலைச் சட்டம் வந்த இரண்டாண்டில் வெளியிட்டும், கதையை 1818-ஓடு நிறுத்திவிட்டார்.

அவர் நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் நடந்தவர் ஒருவர் உண்டு. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா இலண்டனில் செய்த ஆராய்ச்சியை 'பிரித்தானிய ஆதிக்கத்தில் இலங்கை, 1795–1833' என்னும் பொருளில் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். கண்டிப்போர்களும் அதில் உள. ஆயினும் இராசகாரியம், காணி, வரி, வாணிபம், சாதி எல்லாம் போருக்குச் சமமான இடம் பெறுகின்றன. வாசிக்கச் சுவையில் அது பீரிஸின் நூலுக்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். காரணங்களை எண்ணி அடுக்கும் நூலில் கன்னொறுவையின் யானைக்கு இடமில்லை. முற்போக்கு எழுத்தாளர் பலருக்கு இது ஒரு பாடம். சரியான கருத்து உலர்ந்த நடையில் கிடக்க, அரைகுறைக் கருத்து உயிருள்ள நடையில் மக்களிடம் சென்றுவிடுகின்றது. கொல்வினின் மனிதச் சூடு அவர் எழுத்தைவிட அவர் வழக்காடிய மன்றத்தில் தெரிந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் மாண்டான். அதன் விசாரணையில் கோவிந்தனின் மனைவிக்காக வாதாட நின்றவர் கொல்வின். சில திங்களில் அவரே சிறைப்பட்டார்; 1942 ஏப்பிரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினார். கெப்பெட்டிப்பொல தலைகொய்யப்பட்டதும் போகம்பரைக் குளக்கரையிலேதான். முல்லோயாக் கோவிந்தனை 1818-ஓடு சேர்த்து ஒரே நூலில் எழுதக்கூடிய தகுதி அன்று அவர் ஒருவருக்கே இருந்தது. அரசியல் அவரை வேறு பக்கம் இழுத்துச்சென்றது. 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பை வரைந்த அமைச்சராக அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது வேறொரு கட்டுரைக்குரிய துயரம்.

கோவிந்தனுக்குப் பின் களம் ஓயவில்லை. 1977 மே மாதத்தில், தோட்டக் காணி 7,000 ஏக்கரை எடுத்துப் பங்கிடும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, பத்தனைக்கு அருகில் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தான். கன்னொறுவையிலிருந்து டெவன்வரை இம்மலையில் நிலத்துக்காகச் சிந்திய குருதியை ஒரே தொடராய் எழுதவல்ல ஆசிரியருக்கு இரண்டும் வேண்டும்: பீரிஸின் கை, கொல்வினின் கேள்வி.

கைக்கு எடுக்கச் சான்றில்லை என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்க்கு மறுமொழியும் பீரிஸிடமே இருக்கின்றது. 1920-இல் அவர் 'யாழ்ப்பாணப் பட்டின இராச்சியம், 1645' என்றொரு சிறுநூல் வெளியிட்டார். அதில் வாளும் இல்லை, யானைப்படையும் இல்லை. போர்த்துக்கேயர் எழுதிவைத்த வரிக்கணக்கை எடுத்து, எந்த ஊரில் எவன் எதற்கு எவ்வளவு கட்டினான் என்று காட்டுகின்றார். களம் பாடிய அதே மனிதர் கணக்கேட்டுக்குள்ளிருந்து குடியானவனின் முதுகெலும்பு முறியும் ஓசையைக் கேட்கச் செய்திருக்கின்றார். அவர் நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும், நம் மதிப்பில் மிக உயர்ந்ததும் அதுவே. கணக்கேடுகள் தோட்டத்திலும் எழுதப்பட்டன. செக்ரோல், கங்காணிக் கடன் கணக்கு, ஆசுப்பத்திரிப் பதிவு, பிறப்பு இறப்புப் புத்தகம் என்று ஒன்றரை நூற்றாண்டுக் காகிதம் துரைமார் காரியாலயங்களில் அடுக்கப்பட்டது. எத்தனை தோட்டத்தில் எத்தனை ஏடு கறையானுக்கு எஞ்சியிருக்கின்றது என்று பார்த்துவரும் வேலைக்கு நம் உயர்வகுப்பு மாணவர் பத்துப்பேர் போதும். ஒரு விடுமுறைக் காலம் போதும். லயத்துக் கிழவியர் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் வைத்திருக்கும் ஊர்ப்பெயர்களையும் கூடவே எழுதிவரலாம்; பீரிஸ் ரிபெய்ரோவின் பக்கத்தில் ஹட்டனப் பாடலை வைத்ததுபோல, செக்ரோலின் பக்கத்தில் அவற்றை வைக்கலாம்.

மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் பாட்டன் நடந்துவந்த வழியைக் குறிக்கும் படமொன்றுகூட நம் வகுப்பறைச் சுவரில் இன்றளவும் இல்லை. வாஸ்கோ ட காமா வந்த வழி இருக்கின்றது.